தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் இணையவழி மாற்றமும் மாணவர் ஆதரவும் (2020–2022)

கொரோனா பெருந்தொற்றின் காரணமாகத் தமிழ்நாட்டில் 2020 மார்ச் 17 முதல் கல்லூரிகள் மூடப்பட்டன. முதலில் அறிவிக்கப்பட்ட விடுமுறை மார்ச் 31 வரை மட்டுமே. இரண்டு வாரத்துக்கான துணிமணிகளோடு விடுதியைவிட்டுக் கிளம்பிய மாணவர்களில் பெரும்பாலோர் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைய ஏறத்தாழ 11 மாதங்கள் ஆயின. அந்த இடைவெளியில் பாடம், வருகைப்பதிவு, அகமதிப்பீடு, பருவத்தேர்வு எல்லாம் கைபேசித் திரைக்குள் சென்றன.

இந்த மாற்றத்தின்போது மாணவர்களுக்கு உதவியே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது கிடைத்த வரிசை கவனிக்கத்தக்கது. தேர்வு ரத்து அறிவிப்பு நான்கு மாதத்தில் வந்தது. வகுப்புகள் முறையாகத் தொடங்க ஐந்து மாதமாயிற்று. வகுப்பைப் பார்ப்பதற்கான இணைய டேட்டா உதவி வரப் பத்து மாதமாயிற்று. மாணவருக்கு எது முதலில் தேவைப்பட்டதோ அது கடைசியில் வந்தது.

பின்னணி

தொலைவிலிருந்து கற்பிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தனியே படிப்பவருக்கு ஏற்றபடி பாடத்தைச் சிறு அலகுகளாகப் பிரித்து, அச்சிட்டு அனுப்பும் பழக்கம் இந்நிறுவனங்களுக்கு இருந்தது. இணையத்தில் ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் சென்னை ஐ.ஐ.டி.யின் பங்களிப்போடு 2003 முதல் உருவாகிவந்தன. மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017இல் தொடங்கப்பட்டது.

இவையெல்லாம் இருந்தும் 2020 மார்ச்சில் பெரிதும் கைகொடுக்காததற்குக் காரணம் உண்டு. என்.பி.டி.இ.எல். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை, பொறியியலை நோக்கியவை. அரசுக் கலைக்கல்லூரியில் தமிழ்வழியில் வரலாறோ பொருளியலோ படிக்கும் மாணவருக்கு அவற்றால் ஆகக்கூடியது குறைவு. அவருக்குப் பயன்படக்கூடியதாக இருந்தது வேறொன்று. 1970களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வெளியிட்ட கல்லூரித் தமிழ்ப் பாடநூல்கள் மின்னூலாக்கப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைத்தன. பழைய நூல்கள்தாம், ஆயினும் அடிப்படைப் பாடங்களுக்குப் போதுமானவை.

கருவி விஷயத்தில் தமிழ்நாடு பிற மாநிலங்களைவிட ஒருபடி முன்னே இருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும், கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினருக்கும் மடிக்கணினி கிடைத்தது. எனவே 2020இல் கல்லூரியில் இருந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரது வீட்டில் ஒரு கணினியாவது இருந்தது, சில நேரம் அது அக்காளுக்கோ அண்ணனுக்கோ கிடைத்ததாக இருந்தாலும். ஆனால் 2017-18இல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு மடிக்கணினி உரிய காலத்தில் வந்துசேரவில்லை. அதற்காக முன்னாள் மாணவர்கள் பல ஊர்களில் போராடினர். பெருந்தொற்று வந்தபோது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவர்கள் இவர்களே.

இணைய இணைப்பின் நிலை வேறு. 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆம் சுற்றின்படி இந்தியக் குடும்பங்களில் 23.8 விழுக்காட்டினரிடமே இணைய வசதி இருந்தது. கணினி வைத்திருந்தவை 10.7 விழுக்காடு. அதே காலத்தில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 50 விழுக்காட்டை நெருங்கியது. 2019-20இல் அது 51.4 ஆனது. பெரிய மாநிலங்களில் இதுவே மிக உயர்ந்த அளவு. இணைய வசதி எட்டாத வீடுகளுக்கும் கல்லூரி எட்டியிருந்தது என்பதே இதன் பொருள். பெருமைக்குரிய இந்தச் சாதனைதான் இணையவழி மாற்றத்தைத் தமிழ்நாட்டில் கடினமாக்கியது.

மூடப்பட்ட விடுதிகளும் முதல் மாதங்களும்

மார்ச் மாதத்தில் எவரும் நீண்ட கால அடைப்பை எதிர்பார்க்கவில்லை. பாடப்புத்தகம், குறிப்பேடு, சிலருடைய மடிக்கணினி ஆகியவை விடுதி அறைகளில் பூட்டப்பட்டுக் கிடந்தன. ஜூன் மாதத்தில் சென்னை மாநகராட்சி தனிமைப்படுத்தல் மையத்துக்காக அண்ணா பல்கலைக்கழக விடுதிகளைக் கேட்டபோது, அறைகளில் மாணவர்களின் பொருள்கள் இருப்பதே முதல் சிக்கலாக எழுந்தது. மாவட்டங்களிலும் பல கல்லூரிக் கட்டடங்கள் நோயாளிகளைக் கவனிக்கும் இடங்களாக மாறின.

ஏப்ரல் 29 அன்று பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஆசிரியர்கள் சுமார் 25 விழுக்காடு பாடத்தை இணையவழியிலும் 75 விழுக்காட்டை நேரிலும் நடத்தும் அளவுக்குப் பயிற்சிபெற வேண்டும் என்றும், மாணவர் குறைகளைக் கேட்கப் பல்கலைக்கழகந்தோறும் ஒரு கோவிட் பிரிவு அமைய வேண்டும் என்றும் அது கூறியது. அடுத்த பருவத்தில் நேர்வகுப்பு திரும்பிவிடும் என்ற நம்பிக்கையின்மேல் எழுதப்பட்ட கணக்கு அது. நடந்தது நூறு விழுக்காடும் இணையத்தில்.

இக்காலத்தில்தான் 'அவசரகாலத் தொலைக்கற்பித்தல்' என்ற சொல் கல்வியாளரிடையே பரவியது. அமெரிக்காவில் சார்லஸ் ஹாட்ஜஸ் முதலான ஐவர் 2020 மார்ச் இறுதியில் எழுதிய கட்டுரை அதைப் பிரபலமாக்கியது. பல மாதத் திட்டமிடலோடு வடிவமைக்கப்படும் இணையக் கல்வியும், நெருக்கடியில் ஒரே வாரத்தில் வகுப்பறையைத் திரைக்கு மாற்றுவதும் ஒன்றல்ல என்பது அவர்கள் வாதம். நெருக்கடியில் தேவைப்படுவது, தொடர்பு அறுந்துபோகாமல் இருக்க எளிய, நிலையான ஏற்பாடு.

காணொலி வகுப்பின் கணக்கு

2020-21 கல்வியாண்டின் இணைய வகுப்புகள் ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கின. அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் வகுப்புகள் ஆகஸ்ட் 12 அன்று தொடங்கின. பெரும்பாலான கல்லூரிகள் பின்பற்றியது வகுப்பறைக் கால அட்டவணையையே: காலை முதல் நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம், ஜூம் அல்லது கூகுள் மீட் வழியாக நேரலை.

இங்கே ஓர் எளிய கணக்கு யாராலும் போடப்படவில்லை. ஒரு மணி நேரக் காணொலிக் கூட்டம், படத்தின் தரத்தைப் பொறுத்து, அரை ஜிபி முதல் ஒரு ஜிபிக்கு மேலும் டேட்டாவை எடுத்துக்கொள்ளும். அன்று பரவலாக வாங்கப்பட்ட கைபேசித் திட்டங்கள் நாளொன்றுக்கு 1.5 ஜிபி தந்தன. அதாவது இரண்டாவது அல்லது மூன்றாவது பாடவேளையோடு அன்றைய டேட்டா தீர்ந்தது. வீட்டில் பள்ளி செல்லும் தம்பியோ தங்கையோ இருந்து, ஒரே கைபேசியைப் பகிர்ந்துகொண்டால் அதுவும் இல்லை. பிற்பகல் வகுப்புகளில் வருகை குறைந்ததைச் சோம்பல் என்று பல ஆசிரியர்கள் எண்ணினர்.

அதே பாடத்தைக் குரலாக மட்டும் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்குச் சில பத்து எம்பி போதும். எழுத்தாக அனுப்பினால் அதிலும் குறைவு. அனுபவத்தில் இதைக் கண்டுகொண்ட ஆசிரியர்கள் தாமாகவே வழி மாறினர். வாட்ஸ்அப் குழுவில் பத்து நிமிடக் குரல்பதிவு, கையால் எழுதிய குறிப்பின் படம், மாலையில் ஐயங்களுக்கு ஒரு தொலைபேசி நேரம் என்று அவர்கள் நடத்திய வகுப்புக்கு மேற்பார்வையாளர் பார்வையில் மதிப்பில்லை. திரையில் முகங்கள் தெரியும் வகுப்பே 'நடந்த வகுப்பு' என்று கணக்கில் ஏறியது. ஆனால் சமிக்ஞை தேடி மொட்டைமாடிக்கும் ஊர் எல்லைக்கும் நடந்த மாணவருக்கு எட்டியது பெரும்பாலும் இந்தக் குரல்பதிவுதான். அஞ்சல்வழிக் கல்வித் துறைகள் அரை நூற்றாண்டாகச் சேர்த்துவைத்த அச்சுப் பாட அலகுகள் அதே பல்கலைக்கழக வளாகத்தின் இன்னொரு கட்டடத்தில் இருந்தன. அவற்றை நேர்முறைக் கல்லூரி மாணவர்களுக்குத் தந்திருந்தால் டேட்டாச் சுமை வெகுவாகக் குறைந்திருக்கும். அஞ்சல்வழிப் படிப்பை இரண்டாந்தரமாகக் கருதும் பழைய மனப்பான்மை இதற்குத் தடையாக இருந்திருக்கலாம்.

ஆசிரியர்களின் நிலையும் மெச்சத்தக்கதாக இல்லை. சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் ஊதியம் குறைக்கப்பட்டது. சொந்தக் கைபேசியில், சொந்த டேட்டாவில் பாடம் நடத்தியவர்களே மிகுதி.

மனநல உதவிக்கென மத்திய அரசு 2020 ஜூலை 21 அன்று 'மனோதர்பண்' என்ற திட்டத்தையும் கட்டணமற்ற தொலைபேசிச் சேவையையும் தொடங்கியது. மாநிலத்தின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருந்தது. எனினும் பலருக்கு முதல் ஆறுதல், வகுப்புக்கு வராத மாணவரைத் தானே அழைத்து விசாரித்த வகுப்பாசிரியரிடமிருந்து வந்தது. அப்படி அழைத்தவர்கள் இருந்த துறைகளில் மாணவர்கள் ஏன் காணாமல் போகிறார்கள் என்பது தெரிந்தது. சிலர் கட்டுமான வேலைக்கும் கடைக்கும் போயிருந்தனர். சில பெண்களுக்குத் திருமணம் பேசப்பட்டுக்கொண்டிருந்தது.

தேர்வு ரத்தும் அரியர் சர்ச்சையும்

2020 ஜூலை 23 அன்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி, இறுதியாண்டு தவிர்ந்த மாணவர்களுக்குப் பருவத்தேர்வு ரத்து என்றும், அகமதிப்பீடு, முந்தைய பருவம் ஆகியவற்றின் அடிப்படையில் மதிப்பெண் வழங்கப்படும் என்றும் அறிவித்தார். மானியக் குழுவின் வழிகாட்டுதலுக்கு ஒத்த முடிவு இது. ஆகஸ்ட் 26 அன்று அடுத்த அறிவிப்பு வந்தது: அரியர் தேர்வுக்குக் கட்டணம் செலுத்திக் காத்திருந்தவர்களுக்கும் தேர்ச்சி. பல ஆண்டுகளாகத் தேங்கியிருந்த பாடங்கள் ஒரே நாளில் தீர்ந்தன. முதலமைச்சருக்கு நன்றி கூறிப் பதாகைகள் எழுந்தன.

இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 28 அன்று, இறுதியாண்டு மாணவர்களைத் தேர்வின்றித் தேர்ச்சிபெறச் செய்ய மாநிலங்களுக்கு அதிகாரமில்லை என்றும், வேண்டுமானால் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கலாம் என்றும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரியர் அறிவிப்பை எதிர்த்தும் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன; வழக்குத் தொடுத்தவர்களில் அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் இ. பாலகுருசாமியும் ஒருவர். தேர்வே எழுதாமல் தேர்ச்சி அளிப்பதை ஏற்க இயலாது என்று 2021 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் கூறியது. எட்டு மாதம் மாணவர்கள் 'தேர்ச்சி' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்று தெரியாமல் இருந்தனர். அரியர் ரத்து மாணவர்களுக்கு உதவியா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. செலவில்லாத உதவி அது என்பதில் மட்டும் ஐயமில்லை. டேட்டாவுக்குப் பணம் வேண்டும். கருவிக்குப் பணம் வேண்டும். ரத்துக்கு ஓர் அறிவிப்பு போதும்.

இறுதியாண்டுத் தேர்வுகள் செப்டம்பரில் நடந்தன. இங்கே இரு வழிகள் பிரிந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட சில, வினாத்தாளை இணையத்தில் வெளியிட்டு, மாணவர் வீட்டிலிருந்தே தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்ப அனுமதித்தன. பதிவேற்ற முடியாதோர் விரைவு அஞ்சலில் அனுப்பவும் வழி இருந்தது. அண்ணா பல்கலைக்கழகம், கேமரா வழியே கண்காணிக்கப்படும் ஒரு மணி நேரக் கொள்குறித் தேர்வை நடத்தியது. முதல் வழி மாணவரின் சூழலை ஏற்றுக்கொண்டது. இரண்டாவது வழி, அமைதியான அறையும் அறுபடாத இணைப்பும் மாணவரிடம் உண்டு என்று எடுத்துக்கொண்டது.

அதன் விளைவு அடுத்த பருவத்தில் தெரிந்தது. 2021 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய கண்காணிப்புத் தேர்வின் முடிவுகள் வந்தபோது, பெரும் எண்ணிக்கையிலான பொறியியல் மாணவர்கள் தேர்ச்சி பெறவில்லை. முறைகேட்டுச் சந்தேகத்தில் பலரது முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. பார்வை திரையைவிட்டு விலகியதையும், பின்னணியில் எழுந்த குரலையும் குறித்துவைப்பது அத்தகைய மென்பொருளின் வேலை. ஓரறை வீட்டில் தேர்வெழுதுபவருக்குப் பின்னால் யாராவது நடக்காமல் எப்படி இருக்க முடியும்? ஆட்சி மாறிய பின், 2021 மே மாதத்தில், உயர்கல்வித் துறை அமைச்சர் க. பொன்முடி கட்டணமில்லா மறுதேர்வை அறிவித்தார். மறுதேர்வு மூன்று மணி நேர எழுத்துத் தேர்வாக, பழைய முறையிலேயே அமைந்தது.

டேட்டா கார்டு

2021 ஜனவரி 10 அன்று தமிழ்நாடு அரசு 9,69,047 மாணவர்களுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவை எல்காட் நிறுவனம் வழியாக இலவசமாக வழங்குவதாக அறிவித்தது. அரசுக் கல்லூரிகள், அரசு உதவிபெறும் கல்லூரிகள், கல்வி உதவித்தொகை வழங்கும் சுயநிதிக் கல்லூரிகள் ஆகியவற்றின் மாணவர்கள் இதில் அடங்குவர். அளவில் இது பெரிய திட்டம். தனியார் கல்லூரியில் படிக்கும் ஏழை மாணவரையும் சேர்த்துக்கொண்டது இதன் சிறப்பு. அரசு உதவிகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறவர் அவர்.

குறை காலத்தில் இருந்தது. 2020 டிசம்பரிலேயே இறுதியாண்டு மாணவர்களுக்குக் கல்லூரிகள் படிப்படியாகத் திறக்கத் தொடங்கியிருந்தன. 2021 பிப்ரவரி 8 முதல் எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் திறந்தன. ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியபோது வந்திருக்க வேண்டிய அட்டை, அந்தப் பருவத்தின் வகுப்புகள் முடியும் தறுவாயில் வந்தது. மார்ச் இறுதியில் இரண்டாம் அலையால் கல்லூரிகள் மீண்டும் மூடப்பட்டதால் அட்டைக்குச் சில வாரம் பயன் கிடைத்தது. ஏப்ரலோடு அதன் காலம் முடிந்தது. அடுத்த நான்கு மாதமும் வகுப்புகள் இணையத்திலேயே தொடர்ந்தன.

இலங்கையின் வழி

இதே இணைப்புச் சிக்கலை அண்டை நாடான இலங்கை வேறு வகையில் அணுகியது. 2020 மார்ச்சில் அங்கும் யாழ்ப்பாணம், கிழக்கு, பேராதனை, கொழும்பு முதலிய பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' என்ற கல்வி, ஆய்வு வலையமைப்பு அங்கே 1990களிலிருந்தே இயங்கிவந்தது. அந்த வலையமைப்பிலுள்ள பல்கலைக்கழக வழங்கிகளை மாணவர்கள் கட்டணமின்றி அணுகத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இடமளித்தன. ஜூம் வகுப்புகளும் அவ்வலையமைப்பின் வழியே செல்லும்படி அமைக்கப்பட்டதால் அவற்றுக்கும் கட்டணமில்லை. மாணவருக்கு அட்டை அச்சிட்டு விநியோகிக்க வேண்டியிருக்கவில்லை, பாதையே இலவசமாயிற்று. கருவியில்லாதவரின் சிக்கலும், மலையகத்திலும் வன்னியிலும் சமிக்ஞை எட்டாத ஊர்களின் சிக்கலும் இதனால் தீரவில்லை. ஆனால் காசின்மையால் வகுப்பைவிட்டு விலகும் நிலை ஆரம்பத்திலேயே குறைந்தது.

தமிழ்நாட்டில் இதை அப்படியே செய்ய முடிந்திருக்குமா என்பது வேறு கேள்வி. குறிப்பிட்ட தளங்களுக்கு மட்டும் டேட்டாவை இலவசமாக்குவதை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரி 8 அன்று தடைசெய்தது. பேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்தைச் சுற்றி எழுந்த விவாதத்தின் விளைவு அது. ஆயினும் பொது நெருக்கடிக் காலத்தில் கட்டணத்தைக் குறைக்க அதே விதியில் விலக்கு இருந்தது. சட்டத்தைவிடப் பெரிய தடை அமைப்பில் இருந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு மட்டுமே 500க்கு மேற்பட்ட கல்லூரிகள் அப்போது இணைந்திருந்தன. அவற்றுக்கும் கலைக்கல்லூரிகளுக்கும் பொதுவான வழங்கியோ வலையமைப்போ கிடையாது. ஒவ்வொன்றும் தனக்குக் கிடைத்த தனியார் செயலியில் வகுப்பு நடத்தியது. எந்தப் பாதையை இலவசமாக்குவது என்றே சொல்ல முடியாத நிலையில், மாணவர் கையில் டேட்டாவைக் கொடுப்பதே எஞ்சிய வழி.

திரும்புதல்

2021 செப்டம்பர் 1 முதல் கல்லூரிகள் மீண்டும் திறந்தன. எதிர்பாராத ஒரு போராட்டம் நவம்பரில் எழுந்தது. மதுரை, கோவை முதலிய இடங்களில் மாணவர்கள் இணையவழித் தேர்வு கேட்டுச் சாலைக்கு வந்தனர். பெரும்பகுதிப் பாடம் இணையத்தில் நடந்தபோது தேர்வு மட்டும் நேரில் ஏன் என்பது அவர்கள் கேள்வி. நாளிதழ் வாசகர் கடிதங்களில் அது எளிதாகத் தேர்ச்சிபெறும் ஆசையாகக் கேலிசெய்யப்பட்டது. அந்த ஆசை சிலருக்கு இருந்திருக்கலாம். ஆனால் பிற்பகல் வகுப்புகளைக் காணவே முடியாமல் பருவங்களைக் கடந்தவருக்கு, மூன்று மணி நேரம் கையால் எழுதும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. நேர்முகத் தேர்வே நடக்கும் என்று அரசு முடிவெடுத்தது. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் அலை எழ, பிப்ரவரியில் நடந்த பருவத்தேர்வு மறுபடியும் இணையவழிக்கே போயிற்று.

2022 பிப்ரவரி 1 முதல் வகுப்புகள் நேரில் நடக்கத் தொடங்கின. மடிக்கணினித் திட்டம் அப்போது நின்றுபோயிருந்தது. 2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில் அது வேறு வடிவில் திரும்பியது: இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இம்முறை அதைப் பெறுவோர் கல்லூரி மாணவர்கள்.